நாகநாதனுக்கு இரண்டு ராகு காலம்

ஜப்பான்காரன் பினாங்குக்கு வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, எங்கள் மணிக்கூடுகளை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. தோக்கியோவில் என்ன நேரமோ அதுதான் இனி இங்கேயும் என்று உத்தரவு. ஊரில் எல்லோரும் இருட்டில் எழுந்து பழகிக்கொண்டார்கள். என் கணவர் நாகநாதன் மட்டும் ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டார். ராகு காலம் மணிக்கூட்டோடு சேர்ந்து நகர்ந்துவிட்டதா, இல்லை சூரியனோடு பழைய இடத்திலேயே நிற்கிறதா?

வேறொருவராக இருந்தால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருப்பார். இவர் இரண்டையும் பார்க்கத் தொடங்கினார். மணிக்கூட்டின்படி ஒன்றரை மணி நேரம், அது முடிந்த கையோடு சூரியன்படி இன்னொரு ஒன்றரை மணி நேரம். ஆக, நாளில் மூன்று மணி நேரம் இந்த மனிதர் புதிதாக எதையும் தொடங்க மாட்டார். கடிதம் எழுத மாட்டார், புதுச் சவர்க்காரக் கட்டியைப் பிரிக்க மாட்டார், பசாருக்குப் புறப்பட மாட்டார். ஏற்கெனவே தொடங்கிய வேலையைத் தொடரலாம், அதில் குற்றமில்லை. அரிசி வரிசைக்குக் கிளம்பும்போது ராகு வந்துவிட்டால் பையோடு வாசலில் நின்றுவிடுவார். பையைப் பிடுங்கிக்கொண்டு நான் போவேன்.

"சண்டைக்கு முதல் வெள்ளைக்காரனும் ஒருக்கா மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினவன்தானே. அப்ப ராகுவிட்ட ஆர் கேட்டவை?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அது பத்து நிமிசம். அதை அவர் பொறுத்துக்கொள்ளுவார்," என்றார்.

ராகு பொறுத்துக்கொள்வார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

சண்டைக்கு முன்பு நான் பெண்கள் பள்ளியொன்றில் ஆங்கிலமும் கணக்கும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். செல்வநாயகி டீச்சர் என்றால் அந்த வட்டாரத்தில் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பயம் உண்டு. ஜப்பான்காரன் ஆசிரியர்களையெல்லாம் பிடித்து உட்கார வைத்து நிப்பொங்கோ என்கிற தன் பாஷையைக் கற்றுக்கொடுத்தான். பயத்தில் படித்தேனோ ரோசத்தில் படித்தேனோ, எனக்கு அது சீக்கிரம் வந்துவிட்டது. அதன் பலனாக என்னைத் துறைமுகத்துச் சரக்கு ஆபீசில் மொழிபெயர்ப்பாளராகப் போட்டார்கள். நாகநாதன் அங்கேதான் கிராணி, கணக்கு எழுதுகிற குமாஸ்தா. வீட்டில் பார்ப்பது போதாதென்று ஆபீசிலும் அவரையே பார்க்கும் பாக்கியம் எனக்கு.

நாற்பத்து மூன்றாம் ஆண்டு நடுவில் சயாம் பேச்சு எல்லோர் வாயிலும் இருந்தது. அங்கே ரயில் பாதை போடுகிறார்கள், ஆள் வேண்டும். சுங்கை பினாங்கில் நாங்கள் குடியிருந்த வரிசையிலேயே மூன்று வீட்டு ஆண்கள் போய்விட்டார்கள். பட்டர்வொர்த்தில் ரயிலேறியதோடு சரி, அதற்குப் பிறகு ஒரு கடுதாசி கிடையாது. முதலில் கூலி வேலைக்காரர்களைப் பிடித்தார்கள். பிறகு, அரிசியும் மருந்தும் அளந்து கொடுக்கக் கிராணிகளும் வேண்டும் என்று செய்தி வந்தது. எங்கள் ஆபீஸ் கிராணிகளின் முகம் அன்றிலிருந்து வெளுத்தது.

அந்த நேரத்தில்தான் டாக்டர் இசோமுரா வந்து சேர்ந்தார். ராணுவ வைத்தியர். மெலிந்த ஆள், கை விரல்கள் பெண்பிள்ளை விரல்கள் மாதிரி. உடம்பைவிட மனத்தைப் பற்றித்தான் அதிகம் படித்தவர். ஆபீசில் இருக்கும் கிராணிகள் எல்லோருக்கும் ஒரு பரீட்சை வைத்து, அவரவர் மனம் எப்படிப்பட்டது என்று கண்டுபிடிக்கப் போவதாக என்னிடம் சொன்னார்.

பரீட்சை இதுதான். ஒரு பெரிய தாள் முழுக்க வரிசை வரிசையாக எண்கள். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு எண்ணைக் கூட்டி, விடையின் கடைசி இலக்கத்தை நடுவில் எழுத வேண்டும். மணி அடித்ததும், எதுவரை வந்திருந்தாலும் விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போக வேண்டும். நடுவில் சிறிது ஓய்வு, பிறகு மறுபாதி. எல்லாம் முடிந்ததும் டாக்டர் ஒவ்வொரு வரிசையும் எங்கே நின்றது என்று பார்த்து, அந்த இடங்களைச் சிவப்புப் பென்சிலால் இணைப்பார். மேலிருந்து கீழே ஒரு கோணல் கோடு வரும். அந்தக் கோடுதான் அந்த ஆளின் மனம்.

"ஒசாக்காவில் நூலாலைப் பெண்களுக்கு வைத்தேன். மஞ்சூரியாவில் சிப்பாய்களுக்கு வைத்தேன்," என்றார். "நல்ல மனத்துக்கு எங்கேயும் ஒரே கோடுதான். தோல் வேறு, சாப்பாடு வேறு, மனிதனின் மனம் மட்டும் எங்கும் ஒன்று."

'ஹாய்', ஆமாம் என்று தலை குனிந்தேன். வேறென்ன சொல்வது? ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு மனம் ஒத்துப்போகாமல் நான் படும் பாட்டை இவரிடம் விளக்க என் நிப்பொங்கோ போதாது.

சயாமுக்கு ஆள் பொறுக்கத்தான் இந்தப் பரீட்சை என்று ஆபீஸ் பியூன் பிச்சைமுத்துவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவர் சொன்னால் அது ஆபீஸ் முழுக்கச் சொன்ன மாதிரி. "உண்மைதான்லா அக்கா, நானே கேட்டேன். இந்தத் தாள் பார்த்துத்தான் ஆள் எடுக்கப் போறாங்களாம்," என்றார். யாரை எடுப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்க என்ன இருக்கிறது? பரீட்சையில் தோற்றவனைத்தானே துரத்துவார்கள்.

எங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதே பரீட்சையையும் சேர்த்து ஊட்டி வளர்க்கிற கூட்டம் நாங்கள். பாஸானவனுக்குக் கிராணி வேலை, சீதனத்தோடு பெண். ஃபெயிலானவனைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார்கள். நாகநாதன் சீனியர் பரீட்சையில் கணக்கில் விசேஷ சித்தி, அதாவது டிஸ்டிங்ஷன், எடுத்தவர். அந்தச் சான்றிதழ் எங்கள் வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், அவற்றைவிடக் கொஞ்சம் பெரிய சட்டத்தில் தொங்குகிறது. அதே வகுப்பில் ஒரே ஒரு மார்க் குறைந்து இரண்டாவதாக வந்தவர் கார்த்திகேசு. அவர் இப்போது ஆபீசில் பக்கத்து மேசை. இருபது வருஷமாக இரண்டு பேரும் அந்த ஒரு மார்க்கைப் பற்றி நேரடியாகப் பேசாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எனவே, எனக்குப் பயமில்லை. கூட்டல் கணக்கில் என் மனிதரை யார் வெல்வது?

பரீட்சையைத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தார்கள்.

திங்கட்கிழமை ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. கார்த்திகேசு மணிக்கூட்டுக் கட்சி. அவருக்கும் அவர் பக்கத்தவர்களுக்கும் ராகு எப்போதோ முடிந்துவிட்டது. சூரியக் கட்சிக்கு ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு. அந்தக் கட்சியிலும் விநாசித்தம்பி போன்ற கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். அவர் விடியற்காலையிலேயே வீட்டில் ஒரு துண்டுத் தாளில் நாலு கூட்டல் போட்டுவிட்டு வந்துவிட்டார். கூட்டலை நல்ல நேரத்தில் தொடங்கியாயிற்று, இனி ஆபீசில் செய்வதெல்லாம் தொடர்ச்சிதான் என்று கணக்கு. நாகநாதனுக்கு அது பிடிக்கவில்லை. அது ராகுவை ஏமாற்றுகிற வேலையாம்.

முதல் மணி அடித்தது. எல்லோருடைய பென்சிலும் ஓடியது. என் கணவரின் பென்சிலும் ஓடியது, ஆனால் தாளில் படவில்லை. தாளுக்கு ஒரு விரற்கடை மேலே அதை அசைத்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு பயத்திலும் அந்தப் பென்சிலைக் கீழே இறக்க அவருக்கு மனம் வரவில்லை. எழுந்து போய் அவர் கையைப் பிடித்து அழுத்தலாமா என்று இருந்தது எனக்கு.

ஓய்வு முடிந்து மறுபாதி தொடங்கியபோது பத்தரை தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே அந்த ஓட்டத்தை. ஒவ்வொரு வரிசையிலும் மணி அடிப்பதற்குள் ஓரத்தைத் தொட்டுவிட்டார்.

தாள்களைப் பார்த்த டாக்டர் ஒவ்வொன்றாகச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். நாகநாதனின் தாளில் கோடு பாதி தூரம் இடது விளிம்போடு ஒட்டிக்கொண்டு இறங்கி, திடீரென்று வலது கோடிக்குப் பாய்ந்தது. டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இப்படி ஒரு கோடு நான் பார்த்ததில்லை. இவன் கட்டளையை எதிர்க்கிறவன். இல்லாவிட்டால் பைத்தியம்," என்றார்.

கட்டளையை எதிர்ப்பது என்றால் அந்தக் காலத்தில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த நிப்பொங்கோவில் ராகு காலத்தை விளக்கத் தொடங்கினேன். ஒரு பாம்பு இருக்கிறது, ஆனால் பாம்பு இல்லை, கிரகம். கிரகம் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. அதற்குத் தினமும் ஒரு நேரம் உண்டு. நான் என் வாழ்நாளில் ஒருநாளும் நம்பாத சங்கதிக்காக ஒரு ராணுவ அதிகாரியிடம் வக்கீலாக நின்றேன். நினைத்துப் பார்த்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

டாக்டருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. விறுவிறுவென்று எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "தமிழர்களின் மனம் காலையில் விழிப்பதில்லை," என்றார்.

"அதே அறையில் மற்ற எல்லோரும் காலையிலேயே நன்றாகச் செய்தார்களே," என்றேன்.

"அவர்கள் விதிவிலக்கு."

கூட்டும்போது சிலர் உதட்டை ஏன் அசைத்தார்கள் என்று அடுத்துக் கேட்டார். சின்ன வயதில் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்லிப் பாடமாக்கியவர்கள், அந்தப் பழக்கம் போகாது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். இவர்களுக்குச் சிந்திக்கும் சக்தி குறைவு, அந்த இடத்தை மனப்பாடம் நிரப்புகிறது என்று எழுதியிருப்பதாக எனக்கே வாசித்துக் காட்டினார். போன வாரம்வரை உலகத்தில் எல்லோருக்கும் ஒரே மனம் என்றவர், ஒரே காலையில் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து வேறொரு மனத்தைச் செய்து கொடுத்துவிட்டார். ஒரு நாகநாதனை நாகநாதனாகப் பார்க்க மட்டும் அவருக்கு வழி தெரியவில்லை.

எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியாது. "சென்செய், ஒன்று கேட்கலாமா?" என்றேன், டாக்டர்களை அவர்கள் மரியாதையாக அழைக்கிற மாதிரி. "காலையில் நாம் எல்லோரும் கிழக்கே திரும்பி நின்று தோக்கியோவில் சக்கரவர்த்தியின் அரண்மனையை வணங்குகிறோம். அந்த நேரத்தில் நீங்கள் பரீட்சைக்கு மணி அடித்தால், ஜப்பானியர் யாராவது பென்சிலை எடுப்பார்களா? எடுக்காதவர்களின் கோடு எப்படி வரும்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. கிழக்கே ஜன்னலுக்கு வெளியே கடலும் அதற்கு அப்பால் பட்டர்வொர்த்தும்தான் தெரிந்தன. டாக்டர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் அடி விழும் என்று காத்து நின்றேன்.

"இன்றைய தாள்களைக் கணக்கில் எடுக்கவில்லை. எல்லோருக்கும் இன்னொரு முறை வைக்கிறேன். நேரத்தை அவர்களே சொல்லட்டும்," என்றார்.

அன்று மத்தியானம் கிராணிகளைக் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். உயிரைக் காப்பாற்ற ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது, ஒரு நேரம் சொல்லுங்கள் என்றேன். உடனே சண்டை தொடங்கிவிட்டது.

"மணிக்கூடுதான் நேரம். ராகு எண்டாலும் அரசாங்க நேரத்தைப் பார்த்துத்தான் வரவேணும்," என்றார் கார்த்திகேசு.

"அப்ப சூரியனுக்கும் அரசாங்கம் உத்தரவு போட்டதோ?" என்றார் விநாசித்தம்பி.

"ரெண்டையும் பார்த்தால் ஒருத்தருக்கும் நட்டமில்லை," என்றார் என் கணவர்.

"உம்மைப் போல பாதி நாள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் நட்டமில்லைத்தான் காணும்," என்றார் கார்த்திகேசு.

எமகண்டத்தை யாராவது கிளப்பிவிடுமுன் நான் மேசையில் தட்டினேன். "புதன்கிழமை பதினொரு மணி. ரெண்டு ராகுவுக்கும் வெளியில. இனி ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது," என்றேன். வகுப்பில் பேசுகிற குரலில் பேசியிருக்க வேண்டும், எல்லோரும் அடங்கிவிட்டார்கள்.

எழுதாமல் மிஞ்சிய தாள்களைத் திருப்பி என்னிடம்தான் கொடுத்தார்கள், அலமாரியில் பூட்டி வைக்க. புதிதாக அச்சடிக்கக் காகிதம் ஏது, அதே எண்கள் உள்ள தாள்களில் மிச்சம் இருந்ததைத்தான் மறுபடியும் கொடுக்கப் போகிறார்கள். மாலையில் வீட்டில் இவர் கைகாலை நீட்டிக்கொண்டு இருந்தார். கொஞ்சம் கூட்டல் போட்டுப் பார்க்கலாமே என்றேன்.

"கூட்டலுக்கு ஆரும் படிப்பினமோ?" என்று கேட்டார். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

புதன்கிழமை பதினொரு மணிக்கு முதல் மணி அடித்தபோது நான் டாக்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். நாகநாதனின் பென்சில் இம்முறை தாளில் இறங்கியது. ஒரே சீராக, பதற்றமில்லாமல், வரிசைக்கு வரிசை. எனக்கு மூச்சு வந்தது. டாக்டரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னது சரி. நல்ல மனம்," என்றார் மெதுவாக. "இப்படிப்பட்டவர்கள்தான் எனக்கு வேண்டும். சயாமில் காட்டுக்குள் சாமான் கிடங்கைப் பார்க்க வேண்டும், சுற்றிலும் ஆட்கள் செத்துக்கொண்டிருப்பார்கள். பலவீனமான மனம் ஒரு வாரம் தாங்காது. அப்படிப்பட்டவர்களைக் கொண்டுபோய் என்ன பயன்? கோடு நேராக வருகிறவர்களை என்னோடு கூட்டிப் போகிறேன்."

நன்றாகச் செய்கிறவனைத்தான் எடுக்கப் போகிறார்கள். இப்படி ஒரு பரீட்சை உலகத்தில் இருக்க முடியும் என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. எனக்கு மட்டுமா, அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. திங்கட்கிழமை அந்தப் பாம்பு அவரைக் காப்பாற்றி வைத்திருந்தது. நான்தான் அதனோடு மல்லுக்கு நின்று அவரை வெளியே இழுத்து வந்திருக்கிறேன்.

நாகநாதன் தலையைத் தூக்கும்வரை அவரையே பார்த்தேன். தூக்கியதும் கண்ணாலும் கையாலும் மெதுவாக, மெதுவாக என்று காட்டினேன். பரீட்சை மண்டபத்து வாசலில் நிற்கும் தாய்மார், பதறாமல் எழுது என்று பிள்ளைக்குக் காட்டுகிற சைகையாக அதை எடுத்துக்கொண்டார். கவலைப்படாதே என்று எனக்குத் தலையசைத்துவிட்டு இன்னும் வேகமாகப் போனார்.

ஓய்வுக்கு மணி அடித்தது. மறுபாதிக்கான விதிகளைச் சொல்லச் சொல்லி டாக்டர் எனக்குக் கைகாட்டினார். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. நான் குரலை உயர்த்தாமல், விதிகளை வாசிப்பது போலவே சொன்னேன்.

"எல்லாரும் கவனமாக் கேளுங்கோ. முகத்தில ஒண்டும் காட்டாதேங்கோ. நல்லாச் செய்யிற ஆக்களைத்தான் சயாமுக்குக் கொண்டு போகப் போகினம். ஏலாத ஆக்களை விட்டிடுவினம். இனி மெல்லச் செய்யுங்கோ, பிழை விடுங்கோ. இஞ்சாருங்கோ, உங்களுக்கும்தான்." கடைசி வார்த்தை என் கணவருக்கு.

முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருப்பது கிராணிகளுக்குப் பழக்கமான வேலை. மறுபாதி தொடங்கியதும் அறை முழுக்கப் பென்சில்கள் தளர்ந்தன. விநாசித்தம்பி ஒரு வரிசையை எழுதி, அழித்து, மறுபடி எழுதினார். கார்த்திகேசு வரிசைக்கு நாலைந்து விடையோடு நின்றுவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

என் கணவரும் புரிந்துகொண்டார். முதல் வரிசையை மெதுவாகத்தான் எழுதினார், நான் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் ஒரு பிழையான விடையை எழுதினார் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் உடனே அதை அழித்துவிட்டார். பிறகு பக்கத்து மேசையில் கார்த்திகேசு கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பதை ஓரக் கண்ணால் பார்த்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. என்னுடைய எச்சரிக்கையால் அறையில் இருந்த அத்தனை பேரும் தப்பித்துக்கொண்டார்கள், யாருக்காகச் சொன்னேனோ அந்த ஆளைத் தவிர. அந்த நிமிஷம் அவர் மீது எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல இதுவரை எந்தப் பாஷையிலும் எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

டாக்டர் கோடுகளைப் போட்டார். ஒரு தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றையும் முடித்த பிறகு என்னை அறிவிக்கச் சொன்னார்.

"முதலாவது, நாகநாதன்," என்றேன். மற்றவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும், ஒருவரும் அசையவில்லை. இவர் மட்டும் எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார். கார்த்திகேசு பக்கம் ஒரு பார்வை. வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு, அடக்கப் பார்த்து அடங்காத சிரிப்பு.

டாக்டர் அடுத்த வாக்கியத்தையும் சொல்லச் சொன்னார். வெள்ளிக்கிழமை பட்டர்வொர்த்தில் இருக்க வேண்டும் என்ற வாக்கியம். நான் அதைச் சொல்லாமல் டாக்டர் பக்கம் திரும்பினேன்.

"சென்செய், இந்தத் தாள் பொய்," என்றேன் நிப்பொங்கோவில். "அலமாரிச் சாவி என்னிடம் இருந்தது. நான் ஒரு தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். இவர் விடைகளையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்."

இவ்வளவு எண்களை யார் மனப்பாடம் செய்ய முடியும்? கொஞ்சம் யோசித்திருந்தால் டாக்டருக்கே தெரிந்திருக்கும். ஆனால் சிந்தனைக்குப் பதில் மனப்பாடம் என்று எங்களைப் பற்றி அவரே எழுதி வைத்திருந்தார். தான் எழுதியது கண் முன்னால் நடந்துவிட்டது என்று நம்பிவிட்டார். அடி என் இடது கன்னத்தில் விழுந்தது.

நாகநாதன் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார். "ஏன் என்ர மனுசிக்கு அடிக்கிறான்? என்ன சொன்னனீர்?" என்று கேட்டார். அவர் கண்ணில் நீர் நின்றது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அப்படி ஓடி வந்ததில்லை, பொய் சொல்லக்கூடாது, அடிபட்ட கன்னத்தோடும் எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது.

கார்த்திகேசு இரவு வகுப்பில் கொஞ்சம் நிப்பொங்கோ படித்தவர். "நீர் தாளைக் களவாய்ப் பார்த்துப் பாடமாக்கிக்கொண்டு வந்தனீர் எண்டு சொல்லுறா," என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார்.

என்னை நோக்கி வந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினார். "நோ சார். அகெய்ன், சார். நியூ பேப்பர். நவ்," என்று கையை நீட்டினார், பென்சிலுக்காக.

"என்ன சொல்கிறான்?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"மன்னிப்புக் கேட்கிறார்," என்றேன்.

டாக்டர் அந்தத் தாளை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். சயாமில் கிடங்கு முழுக்க அரிசி இருக்கிறது, அதற்குள் திருடனைக் கொண்டுபோய் விட முடியாது என்றார். என்னை அன்றோடு வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இவரை மேசையிலிருந்து எடுத்துக் கிடங்கு வாசலில் மூட்டை நிறுக்கப் போட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை டாக்டர் வேறு ஆபீசுகளில் பிடித்த ஆட்களோடு ரயிலேறினார் என்று கேள்விப்பட்டேன். அவர்களை எனக்குத் தெரியாது, ஆனால் அவர்களும் எங்கேயோ நன்றாகப் பரீட்சை எழுதியவர்கள்தான்.

புதன்கிழமை வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க அவர் எனக்கு முன்னால் நடந்தார், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். மரவள்ளிக்கிழங்கை அவித்து, தொட்டுக்கொள்ள உப்பும் மிளகாயும் இடித்து, தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தேன். தொடவில்லை.

"நான் பாடமாக்கேல்லை," என்றார்.

"தெரியும்."

"பிறகேன் அப்பிடிச் சொன்னனீர்? கார்த்திகேசு கேட்டுக்கொண்டு நிண்டவன்."

"வேற என்னத்தைச் சொல்லுறது? வெள்ளிக்கிழமை ரயிலேத்தி விட்டிருப்பாங்கள். அங்க போனவையில ஒருத்தராவது திரும்பி வந்தவையோ?"

"போயிருப்பன்," என்றார். "களவெடுத்தன் எண்ட பேரோட இருக்கிறதிலும் பார்க்க, போயிருப்பன்."

கோபத்தில் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த மனிதருக்காக அடி வாங்கி, வேலையை இழந்து வந்திருக்கிறேன், இவர் ஒரு கூட்டல் கணக்குக்காகச் சாகத் தயாராக எதிரே உட்கார்ந்திருக்கிறார். அழுகை வந்துவிட்டது. நான் அழுவதை அவர் அதிகம் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தட்டைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். கன்னத்தைத் தொட வருவது போல ஒரு தடவை கையை நீட்டி, பிறகு மடக்கிக்கொண்டார்.

"அவன் கிழிச்சுப் போட்ட தாளில," என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு, "பிழை ஏதும் இருந்ததோ? நீர் பார்த்தனீரோ?" என்று கேட்டார்.

பார்த்திருந்தேன். டாக்டர் தாளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மற்றத் தாள்களுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஆள் சயாமுக்குப் போய்விடுவார் என்று தெரிந்த பிறகும், நான் அந்தத் தாளை என் பக்கம் இழுத்து, முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை விரல் வைத்துச் சரிபார்த்திருந்தேன்.

"ஒண்டும் இல்லை," என்றேன். "ஒரு பிழையும் இல்லை."

அவர் தட்டை இழுத்து வைத்துச் சாப்பிடத் தொடங்கினார்.